சும்மா விட்டிருந்தால்?

இளஞ்சிறார் நீதிமன்றங்களில் ஆணை எழுதுகிறவர்களுக்கும், அந்த ஆணைக்கு அறிக்கை தயாரிக்கிறவர்களுக்கும், சிறார் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்குகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் நீதிமன்ற நடைகூடத்தில் என்னைப் பார்த்திருப்பீர்கள். சுவரோரப் பெஞ்சில், மடியில் நோட்டுப் புத்தகத்தோடு, வக்கீல் கோட்டும் இல்லாமல் கூடவே பிள்ளையும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிற பெண்மணி. "நீங்க எந்த வழக்குக்கும்மா?" என்று கேட்ட ஊழியர்கள், பழகிப்போய், நாளடைவில் கேட்பதை விட்டுவிட்டார்கள். முப்பது வருடத்தை நெருங்கிவிட்டேன். இந்த வருடக் கடைசியில் பணி ஓய்வு.

அலமாரியை ஒழிக்கும்போது ஒரு தாள் கையில் கிடைத்தது. நன்னடத்தை ஆணை ஒன்றின் நகல். பெயர், வழக்கு எண் எல்லாம் கறுப்பு மையில் அழிக்கப்பட்டிருந்தாலும் பையன் யாரென்று எனக்குத் தெரியும். வயது 14. சைக்கிள் திருட்டு. முதல் வழக்கு. தாளின் கீழ்ப்பாதியில் 11 நிபந்தனைகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. தனித்தனியே படித்தால் ஒவ்வொன்றும் நியாயமானதுதான். ஒழுங்காகப் பள்ளிக்குப் போ. பள்ளி விட்டதும் நாலரை வரை, பாடத்தில் பின்தங்கியவர்களுக்கான வகுப்பில் இரு. செவ்வாய், வியாழன் நான்கு மணிக்கு மனநல ஆலோசனை. ஆறு மணிக்குள் வீட்டில் இரு. இப்படியே போகிறது.

நானும் அவனும் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு வாரக் கட்டம் போட்டுப் பார்த்தோம். செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு அவன் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு பஸ். கட்டத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நான் ரெண்டு ஆளா இருந்தா முடியும், மிஸ்" என்றான். கிண்டல் இல்லை. கணக்குப் போட்டுத்தான் சொன்னான்.

மூன்று முறை ஆலோசனைக்குப் போகவில்லை. ஆணையை மீறியதாக மறுபடி கூப்பிட்டார்கள். மூன்று வாரம் சிறார் காப்பு இல்லத்தில் அடைத்து வைத்தார்கள். அந்த மூன்று வாரத்துக்குள் ஆண்டுத் தேர்வு வந்து போய்விட்டது. சைக்கிள் என்னவோ, காணாமல்போன மறுநாளே உரியவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த இரண்டாவது விசாரணை முழுக்க உட்கார்ந்திருந்தேன். சைக்கிள் என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை.

அன்று வீடு திரும்பும்போது மனதில் வந்த கேள்விதான் அப்புறம் என் வேலையாகவே ஆகிப்போனது. முதல் நாளே சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, இரண்டு வார்த்தை கண்டித்து, வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சும்மா விட்டிருந்தால்?

கோபப்படாதீர்கள். ‘சும்மா விடு’ என்பது உங்கள் காதில் எப்படி விழும் என்று தெரியும். எல்லாரையும் சும்மா விடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஒவ்வொரு ஆணைக்கும் முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், அதற்குப் பதில் கிடைக்கும்படி உங்கள் பதிவேடுகளை வையுங்கள். அவ்வளவுதான் என் கோரிக்கை. அது ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளம்.

என் துறையைப் பற்றி ஒரு வார்த்தை. ‘சமூக உளவியல்’ என்று என்னை அறிமுகப்படுத்துவார்கள், அது வேறு. பிறர் இருப்பதால் ஒரு மனிதரின் எண்ணமும் நடத்தையும் எப்படி மாறுகிறது என்று பார்க்கிற துறை அது. என்னுடையது சமுதாய உளவியல். இதை விளக்கி விளக்கியே பாதி ஆயுள் போய்விட்டது. 1965 மே மாதம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்வாம்ஸ்காட் என்ற கடலோர ஊரில் 39 உளவியலாளர்கள் கூடிப் பேசியதைத்தான் இந்தத் துறையின் தொடக்கமாகச் சொல்வார்கள். துன்பப்படுகிறவர் நம் அறையைத் தேடி வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் போதாது, அவர் வாழ்கிற தெருவும் பள்ளியும் அவரை நடத்துகிற அலுவலகங்களும் நாம் ஆராய வேண்டியவைதாம் என்ற எண்ணம் அங்கே உருக்கொண்டது.

நான் அந்த எண்ணத்துக்கு வந்து சேர நாளாயிற்று. ஆரம்பத்தில் எல்லாரையும்போல ஒரு வினாத்தாளைத் தூக்கிக்கொண்டுதான் இல்லத்துக்குப் போனேன். பையன்களின் குணத்தை அளக்க. ஆத்திரம் எவ்வளவு, அடக்கம் எவ்வளவு, பின்விளைவை யோசிக்கிற பழக்கம் எவ்வளவு. ஒரு பையன் பாதித் தாளில் பேனாவை வைத்துவிட்டு, "எங்களை மட்டும் கேக்கறீங்களே, இவங்களுக்கும் இதே மாதிரி பேப்பர் உண்டா?" என்றான். இவர்கள் என்று கண்ணால் காட்டியது வாசலில் நின்ற காவலரை. சிரித்து மழுப்பினேன். ஆய்வேட்டிலும் அதை எழுதவில்லை. சைக்கிள் பையனுக்குப் பிறகுதான் அந்தக் கேள்வி உறைத்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். சும்மா விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரே ஒரு பையனை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அவனுக்கு இருப்பது ஒரு வாழ்க்கை. ஒரே மாதிரியான நிறையப் பேரை எடுத்து, பாதிப் பேருக்கு ஏதாவது செய்து, மீதிப் பேரை விட்டுவைத்து, அப்புறம் இரு பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். இதை முன்னோடியாகச் செய்தவர் ரிச்சர்ட் கிளார்க் காபட் என்ற மருத்துவர். 1939-இல் பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜ், சோமர்வில் ஊர்களில் அவர் திட்டம் தொடங்கியது. 506 சிறுவர்கள். வயது, குடும்பம், தெரு, சுபாவம் எல்லாம் பொருந்துகிற இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்தார்கள். நாணயத்தைச் சுண்டி, ஜோடியில் ஒருவனுக்கு உதவி, இன்னொருவனுக்கு ஒன்றுமில்லை என்று முடிவு செய்தார்கள். உதவி என்றால் கண்துடைப்பு இல்லை. சராசரியாக ஐந்து வருடம், மாதத்துக்கு இரண்டு தடவை ஆலோசகர் வீட்டுக்கே போனார். பாடம் சொல்லித் தருவது, வைத்தியம் பார்ப்பது, கோடை முகாமுக்கு அனுப்புவது என்று எதிலும் குறை வைக்கவில்லை.

ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்தச் சிறுவர்களை, அப்போது நடுத்தர வயது ஆண்களை, தேடிப் பிடித்தார். 1978-இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர், அந்தத் திட்டம் தங்களுக்கு நல்லது செய்தது என்று சொன்னார்கள். பதிவேடுகளைப் புரட்டினால் குற்றம் ஒன்றும் குறைந்திருக்கவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட குற்றம், குடிப்பழக்கத்தின் அறிகுறி, கடும் மனநோய், முந்திக்கொண்ட சாவு என்று சிலவற்றில் உதவியே பெறாத ஜோடிக்காரன் தேவலாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

நாணயம் சுண்டாமல் இருந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. உதவி பெற்ற பெரும்பாலோருக்குத் திருப்தி. அதைப் பார்த்து ஆலோசகர்களுக்கும் திருப்தியாகத்தான் இருந்திருக்கும். நாடெங்கும் விரிவாக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டிருப்பார்கள். ஒரு திட்டம் முடிந்ததும் நீங்கள் எங்களிடம் கேட்பதும் பெரும்பாலும் அதைத்தானே? பங்கேற்றவர்கள் என்ன சொன்னார்கள், ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் போட்டார்கள்.

நேர் எதிர்த் திசையில் போனவர்களும் உண்டு. அடியாத மாடு படியாது என்கிற கட்சி. 1970-களின் நடுவில் நியூ ஜெர்சியின் ராவே சிறையில் ஆயுள் கைதிகள் ஒரு திட்டம் தொடங்கினார்கள். வழி தவறும் பையன்களைச் சிறைக்குள் அழைத்து வந்து, மூக்குக்கு நேரே நின்று கத்தி, உள்ளே என்னென்ன நடக்கும் என்று சொல்லி அலற வைப்பது. அதைப் பற்றி 1978-இல் வந்த ஆவணப்படம் ஆஸ்கரும் வாங்கியது. நகல் திட்டங்கள் முளைத்தன. ஜேம்ஸ் ஃபின்கெனவர் என்ற குற்றவியலாளர் மட்டும் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டார். அவர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, சிறைக்குப் போய்வந்த பையன்களில் 41 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் மறுபடி சிக்கியிருந்தார்கள். போகாதவர்களில் 11 சதவீதம். பிற்பாடு இதுபோன்ற 9 சோதனைகளை, மொத்தம் ஏறக்குறைய 1000 சிறார்களை, தொகுத்துப் பார்த்ததிலும் அதே கதை. ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட இது மோசம்.

இவ்வளவு தெரிந்த பிறகும் சிறைச் சுற்றுலா நிற்கவில்லை. போன வருடம்கூட ஓர் அதிகாரி பெருமையாக என்னிடம் சொன்னார்: பயல் உள்ளே வெலவெலத்துப் போய்விட்டானாம். வெலவெலத்திருப்பான், அதில் சந்தேகமே இல்லை. அன்று சாயங்காலம் தெருமுனையில் கூட்டாளிகளிடம் அதையே எப்படிச் சொன்னான் என்பதை அதிகாரி கேட்டிருக்க வாய்ப்பில்லை.

அடுத்தவர் தவறையே பேசிக்கொண்டிருப்பது நியாயமில்லை. என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். பணியில் சேர்ந்த நாலாவது வருடம், நிதி கிடைத்து, ஒரு சனிக்கிழமைக் குழு நடத்தினேன். நீதிமன்றம் அனுப்பிய 10 பையன்கள், வட்டமாக நாற்காலிகள், கோபத்தைக் கையாளும் பயிற்சி. மூன்றாவது வாரத்திலிருந்து எல்லாரும் தவறாமல் வர ஆரம்பித்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். ஆறாவது வாரம்தான் கவனித்தேன். ‘ஆத்திரம் வந்தபோது என்ன செய்தாய்?’ என்று நான் கேட்டால் ஒருவன் நடந்ததைச் சொல்லத் தொடங்குவான். மற்ற ஒன்பது பேரும் நாற்காலியில் முன்னால் நகர்வார்கள். அடி விழுகிற கட்டத்தில் ஒரு சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பு தனக்கும் வேண்டும் என்று அடுத்தவன் இன்னும் பெரிதாக ஒன்றை எடுத்துவிடுவான். நான் ராத்திரியெல்லாம் விழித்து எழுதிய பயிற்சிக்கு அப்படி ஒரு சிரிப்பு ஒருநாளும் கிடைத்ததில்லை. முடிந்ததும் பத்துப் பேரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். அதற்கு முன் அவர்களில் பாதிப் பேருக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. சேர்த்துவைத்தது நான்.

பின்னாளில் டாமஸ் டிஷன் என்பவரின் ஆய்வுகளைப் படித்தபோது கூசிப்போனேன். பதின்ம வயதுப் பையன்களை நண்பனோடு பேசவிட்டு, வீடியோ எடுத்து, விதி மீறிய பேச்சுக்குச் சிரிப்பு எப்போதெல்லாம் கிடைக்கிறது என்று குறித்தவர் அவர். அந்தச் சிரிப்பு அதிகம் இருந்த நட்புகளில் பிற்காலக் குற்றமும் அதிகம் இருந்தது. 1999-இல் அவர், மெக்கார்டோடும் பிரான்சுவா பூலானோடும் சேர்ந்து எழுதிய கட்டுரையில், கேம்பிரிட்ஜ்–சோமர்வில் புதிருக்கும் ஒரு விடை இருந்தது. கெடுதல் குவிந்திருந்தது, கோடை முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் அனுப்பப்பட்ட பையன்களிடம். முகாமில் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சொல்ல மறந்துவிட்டேன். என் சனிக்கிழமைத் திட்டத்தின் இறுதி அறிக்கை நன்றாகவே வந்தது. வருகைப் பதிவு பிரமாதம். ஒப்பிட இன்னொரு குழு வைக்கவில்லை, வைத்தாயா என்று யாரும் கேட்கவும் இல்லை. இரண்டாம் ஆண்டுக்கும் நிதி வந்தது.

இனி, பலித்த ஒன்று. 1970-களின் தொடக்கத்தில் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ராப்பபோர்ட், எட்வர்ட் சைட்மன் ஆகியோரோடு வில்லியம் டேவிட்சன் என்ற இளம் ஆய்வாளர் ஒரு காரியத்தில் இறங்கினார். நீதிமன்றத்துக்குப் போகவிருந்த சிறாரை அங்கே அனுப்பாமல் கல்லூரி மாணவர்களிடம் ஒப்படைப்பது. ஒருவருக்கு ஒருவர். குழு கிடையாது, வட்ட நாற்காலி கிடையாது. 1976-இல் அவர் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது திட்டமும் கூடவே போய், லான்சிங் பக்கம் பல பத்தாண்டுகள் ஓடியது. 18 வாரம், வாரத்துக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம். அந்த மாணவர் அறிவுரை சொல்லும் ஆள் இல்லை, கூட நடக்கிற ஆள். பள்ளியில் மறுபடி சேர வேண்டுமா, பகுதிநேர வேலை தேட வேண்டுமா, இரவு எத்தனை மணிக்குத் திரும்புவது என்று அம்மாவோடு ஒப்பந்தம் எழுத வேண்டுமா, அதை அந்தப் பிள்ளையோடு சேர்ந்து செய்வார். தானே செய்துகொள்ளப் பழக்கியும் விடுவார். 18 வாரம் முடிந்ததும் விடைபெற்றுக்கொள்வார்.

யார் எந்தப் பக்கம் என்பதை இங்கேயும் குலுக்கல்தான் தீர்மானித்தது. 1987-இல் வெளிவந்த ஒப்பீட்டில் 213 சிறார், ஆறு பிரிவுகள். நீதிமன்றத்துக்கு வெளியே, திட்டமிட்ட முறைகளில் உதவி பெற்றவர்கள், வழக்கமான நடைமுறைக்குள் போனவர்களைவிடக் குறைவாகவே மறுபடி வழக்கில் சிக்கினார்கள். என் கண்ணை உறுத்துவது இன்னொரு பிரிவு. அதே மாதிரி வேலைதான், ஆனால் நீதிமன்றத்தின் மேற்பார்வையில். அதன் பலன் கரைந்துபோனது. இதை ஒவ்வொரு திட்டக் கூட்டத்திலும் சொல்லிவிட்டேன். ‘நம் வளாகத்திலேயே ஓர் அறை ஒதுக்கிவிடலாம், கண்காணிக்க வசதி’ என்ற பதில்தான் ஒவ்வொரு முறையும் வரும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அதே ஆய்வில் சிறார்களிடமே என்னென்ன செய்தாய் என்று கேட்டபோது பிரிவுகளுக்குள் வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் பதிவேட்டில்தான் இருந்தது. பையன்கள் மாறவில்லை, மாட்டிக்கொள்வதுதான் குறைந்தது என்று இதற்குப் பொருள் சொல்கிறவர்கள் உண்டு. நான் வேறு மாதிரி படிக்கிறேன். அந்த வயதில் வேலி தாண்டாத பிள்ளை அபூர்வம். பெரும்பாலோர் வளர வளரத் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். யார் பெயரில் கோப்பு திறக்கிறது, யார் முகம் காவலருக்கு ஏற்கெனவே தெரியும், யாருடைய தெருவில் ரோந்து வண்டி அடிக்கடி நிற்கிறது என்பதில் பாதை பிரிகிறது. சைக்கிள் பையன் இரண்டாம் தடவை உங்கள் முன் நின்றது இரண்டாவது சைக்கிளுக்காக அல்லவே. 2010-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 29 சோதனைகளை, 7300-க்கும் மேற்பட்ட சிறார்களை, சேர்த்துப் பார்த்தது. முறையான நடைமுறைக்குள் கொண்டுபோனது பின்னாளைய குற்றத்தைக் குறைக்கவில்லை, சற்றுக் கூட்டியதாகவே தெரிந்தது.

டேவிட்சன் திட்டத்தின் மாதிரியில் என் மாணவர்களையும் சில வருடம் அனுப்பினேன். ஒருத்தி, 15 வயதுப் பெண் ஒருத்தியைப் பள்ளியில் திரும்பச் சேர்க்க ஐந்து தடவை நடந்தாள். அடுத்த வாரம் வாருங்கள், கடிதம் கொண்டுவாருங்கள், அந்தக் கடிதம் இல்லை, வேறு கடிதம். ஐந்தாவது தடவை தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நிற்கும்போது, "இந்தத் தடவை நான் பேசறேன், நீ பக்கத்துல மட்டும் நில்லு" என்றாளாம் அந்தப் பெண். பேச வேண்டியதை உள்ளங்கையில் நீல மையால் எழுதி வைத்திருந்தாள். வியர்வையில் பாதி அழிந்துவிட்டது. மீதியைத் தானாகவே பேசினாள்.

இப்படிப்பட்டதையெல்லாம் பின்தொடர்ந்து பதிவது பெரும்பாடு. ஓராண்டு கழித்து ஒரு பிள்ளையைக் கண்டுபிடிப்பதற்குள் போன் எண் மூன்று தடவை மாறியிருக்கும், வீடு இரண்டு தடவை. என் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது புள்ளியியல் இல்லை: பாட்டியின் முகவரியை வாங்கிக்கொள். பாட்டிகள் இடம் மாறுவதில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம், ‘மறுகுற்றம் எத்தனை சதவீதம்?’ என்று ஒரே வரியில் கேட்டு, ஆறு வாரத்தில் பதில் வேண்டும் என்பீர்கள். மறுபடி கைதானதா, மறுபடி தண்டனை பெற்றதா, நிபந்தனை மீறியதுமா என்று நாங்கள் திருப்பிக் கேட்டால் சலித்துக்கொள்வீர்கள். மூன்றும் ஒன்றில்லை. சைக்கிள் பையன் உங்கள் கணக்கில் மறுகுற்றவாளி.

"இதெல்லாம் சைக்கிள் எடுத்தவனுக்குச் சரி, கத்தி எடுத்தவனுக்கு?" கேட்க வேண்டிய கேள்விதான். பிலடெல்பியாவிலும் ஃபீனிக்ஸிலும் கடுமையான குற்றம் செய்த 1354 சிறார்களை ஏழு வருடம் பின்தொடர்ந்தார்கள். அப்படிப்பட்டவர்களிலும் பெரும்பாலோரிடம் குற்றம் காலப்போக்கில் நன்றாகவே குறைந்தது. இல்லத்தில் கூடுதல் மாதங்கள் இருந்தவர்கள், குறைவாக இருந்தவர்களைவிடத் திருந்தி வந்ததாகத் தெரியவில்லை. அடைக்கவே கூடாது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆறு மாதத்தைப் பன்னிரண்டாக்கும்போது அந்தக் கூடுதல் ஆறு எதற்கு என்று ஒரு வரி எழுதுங்கள். பத்திரிகைக்குப் பயந்தா? பயம் எப்படி ஆட்டிவைக்கும் என்பதற்கு 1995 சாட்சி. ஈவிரக்கமற்ற புது வகைச் சிறார் கூட்டம் ஒன்று வந்துகொண்டிருக்கிறது என்று ஜான் டியூலியோ என்ற பேராசிரியர் அமெரிக்காவில் எச்சரித்தார். வரவில்லை. இளையோர் வன்முறை அந்தச் சமயத்திலேயே இறங்கத் தொடங்கியிருந்தது. 2012-இல் சிறாருக்குப் பரோல் இல்லாத ஆயுள் தண்டனையைக் கட்டாயமாக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதிட்ட அறிஞர்களின் மனுவில் அவர் பெயரும் இருந்தது. நடுவில் கடுமையாக்கப்பட்ட சட்டங்களில் மாட்டியவர்களுக்கு அந்த மனுவால் இளமை திரும்பி வராது.

பாதிக்கப்பட்டவரை மறந்துவிட்டாயே என்பீர்கள். சைக்கிளின் சொந்தக்காரரைப் போய்ப் பார்த்தேன். சைக்கிள் கிடைத்த பிறகும் அவருக்கு ஒரு குறை. செயின் உறையை நெளித்துவிட்டான், வந்து ஒரு வார்த்தை சொல்லக்கூட ஆளில்லை. பையனை மூன்று வாரம் அடைத்துவைத்த விஷயமே அவருக்குத் தெரியாது. சொன்னதும், "எதுக்குங்க?" என்றார்.

நீங்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதுவதாக நான் நினைக்கவில்லை. இந்த ஏற்பாடே நல்லெண்ணத்தில் பிறந்ததுதான். 1899-இல் சிகாகோவில் முதல் இளஞ்சிறார் நீதிமன்றம் வந்தபோது, நீதிபதி பரிவுள்ள பெற்றோரைப்போல இருப்பார் என்றார்கள். 1964-இல் அரிசோனாவில் ஜெரால்ட் கால்ட் என்ற 15 வயதுப் பையன், அண்டை வீட்டுப் பெண்மணிக்குப் போனில் ஆபாசமாகப் பேசியதாகப் பிடிபட்டான். புகார் கொடுத்தவர் விசாரணைக்கு வரவே இல்லை. 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளி என்று ஆணை. வயது வந்தவர் ஒருவர் அதையே செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் அபராதம், இல்லையென்றால் அதிகபட்சம் இரண்டு மாதம். 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட்டு, சிறாருக்கும் வழக்கறிஞர் உண்டு, குற்றச்சாட்டை முன்கூட்டி அறியும் உரிமை உண்டு என்றது. வழக்கறிஞர் வந்துவிட்டார். ‘உன் நல்லதுக்குத்தான்’ என்ற பேச்சு மட்டும் போகவில்லை. அந்த 11 நிபந்தனைகளும் அவன் நல்லதுக்குத்தான் எழுதப்பட்டன.

நல்ல திட்டங்களுக்கும் இதே வியாதி வரும். நான் மதிப்பிடப் போன ஓர் இடத்தில், நீதிமன்றத்துக்குப் பதிலாக என்று ஒரு மாற்றுத் திட்டம் தொடங்கினார்கள். வருட முடிவில் நீதிமன்றத்துக்கு வரும் பிள்ளைகள் குறையவே இல்லை, திட்டமும் நிரம்பி வழிந்தது. எப்படி என்று பார்த்தால், முன்பு காவலர் இரண்டு அதட்டு அதட்டி வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைகளெல்லாம் ‘அதான் திட்டம் இருக்கே’ என்று உள்ளே வந்துவிட்டார்கள். வலை விரிதல் என்போம் நாங்கள். மீனவர் கெட்டவர் இல்லை, வலை பெரிதாகிவிட்டது.

ஆகவே நான் கேட்பவை செலவில்லாதவை. நிபந்தனைகளை எழுதும்போது அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு வாரக் கட்டம் போடச் சொல்லுங்கள். கட்டத்தில் அடங்காததை அடித்துவிடுங்கள். நிபந்தனை மீறல் என்று வருகிற வழக்கில், மூல வழக்கில் என்ன நடந்தது என்று முதல் வரியிலேயே எழுத வையுங்கள். சைக்கிள் என்ற சொல் வரட்டும். உள்ளே கொண்டுவராமல் அனுப்பிய பிள்ளைகளுக்கும் ஒரு பதிவேடு வையுங்கள், பெயர் வேண்டாம், எண் போதும்.

இன்னொன்று, இதற்குத்தான் நீங்கள் முகம் சுளிப்பீர்கள். புதுத் திட்டத்தில் 40 இடம், 100 பிள்ளைகள் என்றால், ‘தேறுகிற மாதிரி’ தெரிகிற 40 பேரை நீங்களே பொறுக்காதீர்கள். குலுக்கல் போடுங்கள். விடுபட்ட 60 பேரையும் பின்தொடர எங்களை விடுங்கள். "பிள்ளைகள் வாழ்க்கையில் குலுக்கலா?" என்று ஒரு நீதிபதி என்னிடம் கடிந்துகொண்டிருக்கிறார். இப்போது நடப்பதும் குலுக்கல்தான், ஐயா. 2015-இல் அன்னா ஐஸர், ஜோசப் டாயில் என்ற பொருளியலாளர்கள் சிகாகோவின் பல்லாயிரக்கணக்கான சிறார் வழக்குகளை எடுத்துக்கொண்டார்கள். வழக்கு எந்த நீதிபதியிடம் போகும் என்பது அங்கே ஏறக்குறைய தற்செயல். சிலர் கடுமை, சிலர் இளக்கம். ஒரே மாதிரியான பையன்களில், கடுமையானவரிடம் போய் அடைபட்டவர்கள் பள்ளிப்படிப்பை முடிப்பது குறைந்தது, பெரியவனானதும் சிறைக்குப் போவது கூடியது. அந்தக் குலுக்கலில் சீட்டுகள் நீங்கள்தான். நான் கேட்பது, முடிவை எழுதிவைக்கிற குலுக்கல்.

ஓய்வுக்குப் பிறகும் எனக்கு வேறு வேலை தெரியாது. ஜனவரியின் முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் பதிவேட்டறையைப் பார்க்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். போன வருடத்து நிபந்தனை மீறல் வழக்குகள் மட்டும் போதும். மூல ஆணைகளோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தால் உதவியாக இருக்கும். பென்சிலும் கட்டம் போட்ட தாளும் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
நடைகூடப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்மணி